காதுக்குள்ளே குக்கர் விசில்!

ராத்திரி பதினொன்றரை மணி. ஊரே அடங்கிவிட்டது. எங்கள் வீட்டு அடுக்களையில் மட்டும் குக்கர் விசிலடித்துக் கொண்டிருந்தது.

''ஏம்மா, இந்த நேரத்துல குக்கர் வச்சிருக்கியா?'' என்றேன்.

பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த என் மனைவி ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். ''அர்த்தராத்திரியில எவ குக்கர் வைப்பா? பேசாம படுங்க.''

எழுந்து போய்ப் பார்த்தேன். குக்கர் கழுவிக் கவிழ்த்தபடி சமர்த்தாக இருந்தது. விசில் மட்டும் நிற்கவில்லை. பக்கத்து வீடா என்று ஜன்னலைத் திறந்தேன். ஊஹூம். இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டேன். விசில் இன்னும் பெரிதாகக் கேட்டது!

அப்போதுதான் உறைத்தது. சத்தம் வெளியே இல்லை ஸார், உள்ளே!

இந்த விசில் எங்கிருந்து வந்தது என்று சொல்வதற்கு முன் என் ஜாதகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பகலில் பாரிமுனையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு. ராத்திரியில் இந்த மாதிரி எழுத்து. வீடு தாம்பரம். போக ஒரு மணி, வர ஒரு மணி, ஆக மொத்தம் தினம் இரண்டு மணி நேரம் மின்சார ரயிலில் வாசம். துணைக்கு, துபாய் மச்சான் கொடுத்த தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய மியூசிக் பிளேயர். அதில் ராஜா ஸாரின் எண்பதுகளை முழுசாக அடைத்து வைத்திருந்தேன். பிளேயரோடு வந்த இயர்போனை என் மகன் பல்லால் பரிசோதித்துவிட்டதால், பிளாட்பாரத்தில் 150 ரூபாய் கொடுத்து ஒன்று வாங்கியிருந்தேன்.

அந்த 150 ரூபாய்தான் வில்லன்.

சின்னப் பட்டன் மாதிரி காதின் வாசலில் உட்காருமே, அந்த ரகம். உட்காரும், ஆனால் அடைக்காது. ரயிலின் தடதட, சுண்டல்காரர், பக்கத்து ஸீட்டு அரசியல் எல்லாம் தாராளமாக உள்ளே வரும். நான் என்ன செய்வேன்? வால்யூமை ஏற்றுவேன். மீனம்பாக்கத்தில் ஒரு புள்ளி, கிண்டியில் ஒரு புள்ளி. எழும்பூர் வரும்போது ஏற்றுவதற்குப் புள்ளியே பாக்கி இருக்காது. எட்டு மாசம் இப்படி. பலன்... குக்கர்!

சம்பளமும் செலவும்

காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் போனேன். ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவும் துணைக்கு வந்தார். என்னை ஒரு கண்ணாடி அறையில் உட்கார வைத்து, 'பீப்' சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினேன். அழுத்தாத இடங்களும் இருந்தன போலிருக்கிறது. வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு திடீரென்று பள்ளத்தில் இறங்கியிருந்தது.

''எதாவது ஃபேக்டரியில வேலை பார்க்கறீங்களா?'' என்றார் டாக்டர்.

''இல்ல டாக்டர், ஆடிட்டர் ஆபீஸ்.''

''அப்ப ஹெட்போன்'' என்றார், ஜோசியர் மாதிரி.

அப்பாவுக்கு இந்தப் பள்ளம் புதிதல்ல. ராஜபாளையம் பக்கம் ஒரு நூற்பாலையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவர். ரிட்டையர் ஆகும்போது பிராவிடண்ட் ஃபண்டோடு பாதிச் செவிட்டையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வந்தார். டி.வி. சத்தம் அவருக்குப் போதுமென்றால் தெருக்கோடி வரை போதும். 'சக்கரை' என்றால் 'அக்கரை'யா என்பார்.

டாக்டர் சொன்னதை அப்பா காதருகில் போய் விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார்:

''எனக்காவது மில்லுக்காரன் சம்பளம் குடுத்துக் காதை எடுத்துக்கிட்டான். நீ கைக்காசு குடுத்துல்ல கெடுத்துக்கிட்டிருக்க!''

பி.காம். படித்தவனை இதைவிடக் கேவலப்படுத்த முடியாது.

வட்டி போடாத பேங்க்

அன்று ராத்திரியே பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டேன். காது என்பது ஒரு பேங்க் அக்கவுண்ட். பிறக்கும்போது உள்காதில் ஒவ்வொரு பக்கமும் சுமார் 15,000 நுண்ணிய முடிச் செல்களை டெபாசிட் பண்ணி அனுப்புகிறார் பிரம்மா. அதற்கப்புறம் எடுக்கலாமே தவிர போட முடியாது. இந்தச் செல்கள் போனால் போனதுதான், மனுஷனுக்குத் திரும்ப முளைப்பதில்லை. இதில் அநியாயம் என்னவென்றால் கோழிக்கு முளைக்கிறதாம்! காது விஷயத்தில் நாம் சிக்கன் சிக்ஸ்டிஃபைவை விட மட்டம்.

சரி, எவ்வளவு எடுக்கலாம்? அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி. 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி, 94 என்றால் 1 மணி, 97 என்றால் அரை மணி, 100 என்றால் வெறும் 15 நிமிஷம்!

மூன்று டெசிபலுக்கு ஏன் இந்தப் பாடு? சத்தத்தின் சக்தி 3 டெசிபலுக்கு இரட்டிப்பாகிறது. ஆனால் நம் காதுக்கு 'லேசா ஏறியிருக்கு' என்றுதான் தோன்றும். இரண்டு மடங்கு சத்தம் என்று காது ஒப்புக்கொள்ள சுமார் 10 டெசிபல் ஏற வேண்டும். மீட்டர் ஓடுவது தெரியாத ஆட்டோ!

பிளேயரோ போனோ, முழு வால்யூமில் பலவும் 100 டெசிபலை அனாயாசமாகத் தாண்டும். அதாவது நான் தாம்பரத்தில் ஏறினால், மீனம்பாக்கம் வரும்போதே அன்றைய கோட்டா காலி. அதற்கப்புறம் பீச் வரைக்கும், திரும்பி வரும்போதும், எல்லாம் ஓவர் டிராஃப்ட்! உலக சுகாதார நிறுவனம் இன்னும் கறார். 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது அவர்கள் வைத்திருக்கும் வரம்பு.

ஆகவே, நல்ல ஹெட்போன் எது? அதிகமாகக் கத்துவது அல்ல. குறைந்த வால்யூமிலேயே பாட்டை முழுசாகக் கேட்க வைப்பது. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் கடை கடையாக ஏறி இறங்கினேன்.

50 கிராம் புரட்சி

நடந்துகொண்டே பாட்டுக் கேட்கும் பழக்கத்தை 1979 ஜூலையில் ஜப்பானில் சோனி கம்பெனி ஆரம்பித்து வைத்தது. முதல் வாக்மேன். கேஸட் போடும் பெட்டியைவிட அதோடு வந்த ஹெட்போன்தான் பெரிய சாதனை. அதுவரை ஹெட்போன் என்றால் தலையில் அம்மிக்கல். இதுவோ ஐம்பது கிராம் அளவுதான். அந்த முதல் வாக்மேனில் இரண்டு ஹெட்போன் செருக இரண்டு ஓட்டைகள் உண்டு. 'தனியாகக் கேட்டால் மரியாதைக் குறைவு' என்று பயந்தார்களாம். பாவம், நல்லவர்கள்! 2001-ல் ஐபாட் வந்து ஆயிரம் பாட்டைப் பாக்கெட்டுக்குள் அடைத்தது. 2022-ல் அதையும் நிறுத்திவிட்டார்கள். பெட்டி மாறிக்கொண்டே இருக்கிறது. காது மட்டும் அதே பழைய மாடல்.

இப்போது கிடைப்பவை நாலு ரகம். காதை முழுசாக மூடும் பெரிய ஹெட்போன், காது மடலின் மேல் உட்காரும் சின்ன ஹெட்போன், வாசலில் நிற்கும் பட்டன், துவாரத்துக்குள் ரப்பர் மூக்கை நுழைக்கும் இன்-இயர். வீட்டில் உட்கார்ந்து கேட்க முதல் ரகம் பேஷ். மே மாசம் மாம்பலம் ரயில்வே பிரிட்ஜில் அதை மாட்டிக்கொண்டு நடந்தால் காது வெந்துவிடும். ரயிலுக்கு உகந்தது இன்-இயர். சரியாகப் பொருந்தினால் வெளிச் சத்தத்தில் இருபது டெசிபல் வரைகூட வடிகட்டிவிடும். ரயில் குறைந்தால் பாட்டையும் குறைக்கலாம். மேலே சொன்ன கணக்கில் இருபது டெசிபல் என்பது எத்தனை பெரிய லாபம் என்று போட்டுப் பாருங்கள்.

ஐந்து ரூபாய் ரகசியம்

'சரியாகப் பொருந்தினால்' என்றேன் அல்லவா, அங்கேதான் சூட்சுமம். இன்-இயர் டப்பாவில் ஒரு குட்டி பிளாஸ்டிக் பையில் சின்னது, நடுத்தரம், பெரியது என மூன்று ஜோடி ரப்பர் இருக்கும். நம்மில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பையைப் பிரிப்பதேயில்லை. மாட்டியிருக்கும் நடுத்தரத்தோடு ஆயுசைக் கழித்துவிடுகிறோம். பிறகு, 'பேஸே இல்ல ஸார்' என்று கம்பெனியைத் திட்டுகிறோம்.

துளி இடைவெளி இருந்தால் போதும், தபலாவும் பேஸ் கிடாரும் அந்த வழியாக ஓடிவிடும். ரயில் உள்ளே வந்துவிடும். சோதனை சுலபம். மாட்டிக்கொண்டு விரலால் லேசாக உள்ளே அழுத்துங்கள். பேஸ் திடீரென்று கூடினால், உங்கள் ரப்பர் சைஸ் தப்பு. இன்னொன்று, இரண்டு காதும் ஒரே அளவு என்று யார் சொன்னது? எனக்கு இடதுக்கு நடுத்தரம், வலதுக்குச் சின்னது. முப்பத்தாறு வருஷம் கழித்து இப்போதுதான் தெரிகிறது!

ரப்பர் நிற்கவேயில்லை என்றால் ஸ்பாஞ்சு மாதிரியான ஃபோம் முனைகள் தனியாகக் கிடைக்கின்றன. உருட்டிச் சின்னதாக்கி நுழைத்தால் உள்ளே விரிந்து அடைத்துக்கொள்ளும். சில மாசத்தில் தேய்ந்துவிடும், மாற்ற வேண்டும். ஆனாலும் ஆக்சஸரி என்று காசு போடுவதானால் முதல் காசு இதற்குத்தான். ரப்பர் முனைகளை வாரத்துக்கு ஒருதடவை கழற்றி சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்து மாட்டுங்கள். ஒரு பக்கம் சத்தம் குறைந்துவிட்டது என்று தூக்கிப் போடப்படும் பல இயர்போன்களில் செத்துப்போனது ஸ்பீக்கர் அல்ல, வலையில் அடைத்துக்கொண்ட நம் காது அழுக்கு!

கூட்டலும் கழித்தலும்

'நாய்ஸ் கேன்சலிங்' என்று ஒரு சமாசாரம். வெளிச் சத்தத்தை மைக் மூலம் கேட்டு, அதற்கு நேர் எதிரான அலையை உடனே உண்டாக்கி, இரண்டையும் மோதவிட்டுப் பூஜ்யம் ஆக்குவது. பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம், பாலன்ஸ் நில். எங்கள் சப்ஜெக்ட்!

இதன் பின்னால் ஒரு வங்காளத்துக் கதை உண்டு. சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டு அமெரிக்காவுக்குப் போன ஒரு வங்காளியின் மகன் அமர் போஸ். எம்.ஐ.டி.யில் புரொஃபசர். 1978-ல் ஐரோப்பாவிலிருந்து வீடு திரும்பும்போது விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. நாமாக இருந்தால் ஏர்ஹோஸ்டஸிடம் சண்டை போட்டிருப்போம். அவர் அங்கேயே பேப்பரை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தார். 1989-ல் விமானிகளுக்கான ஹெட்செட்டாக அது கடைக்கு வந்தது. எரிச்சலிலிருந்து சரக்கு வர பதினோரு வருஷம்!

இது ரயில், ஏ.ஸி., ஃபேன் மாதிரி ஒரே சீரான அடிக்குரல் இரைச்சலை நன்றாக விழுங்கும். திடீர் சத்தம், பேச்சுக் குரல் இவற்றை அவ்வளவாக விழுங்காது. ஆகவே மனைவியின் குரலுக்கு இது பரிகாரம் அல்ல. சோதித்துப் பார்த்துவிட்டேன்.

டப்பாவில் எழுதியிருக்கும் பொய்கள், நிஜங்கள்

'20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்' என்று எல்லா டப்பாவிலும் இருக்கும். 150 ரூபாய் வில்லன் டப்பாவிலும் இருந்தது. இதை வைத்து ஒன்றையும் நிர்ணயிக்க முடியாது. தவிர, முப்பது நாற்பது வயதில் 20,000 ஹெர்ட்ஸ் கேட்கிற காது நமக்கெல்லாம் ஏது?

'தங்க முலாம் பூசிய பிளக்' என்பார்கள். தங்கம் துருப் பிடிக்காது, லாபம் அவ்வளவே. அதற்காகப் பாட்டு ஆபரணத் தங்கமாகிவிடாது.

பார்க்க வேண்டிய எண் 'ஓம்'. பிளேயருக்கும் போனுக்கும் 16, 32 ஓம் சரியாக வரும். 250, 300 ஓம் எல்லாம் ஸ்டுடியோ சரக்கு. தனி ஆம்ப்ளிஃபையர் கேட்கும். ஆபீஸ் நண்பர் ஒருவர் விலை ஜாஸ்தியானதுதான் நல்லது என்று 300 ஓம் வாங்கி போனில் சொருகிவிட்டு, பாடகர் கிணற்றுக்குள்ளிருந்து பாடுகிறார் என்று கவலைப்பட்டார்.

புதுப் போன்கள் பலவற்றில் 3.5 மில்லிமீட்டர் துவாரமே கிடையாது. ஐபோன் 2016-ல் அடைத்தது, மற்றவர்கள் பின்னாலேயே ஓடினார்கள். டைப்-சி அடாப்டர் வாங்குகிறீர்களா? அதில் இரண்டு ஜாதி. உள்ளே டி.ஏ.சி. என்கிற குட்டிச் சில்லு உள்ளது ஒன்று, வெறும் ஒயர் ஒன்று. வெறும் ஒயர் சில போன்களில் மட்டும்தான் பேசும். டி.ஏ.சி. இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

ப்ளூடூத் வயர்லெஸ் சௌகரியம்தான், மறுக்கவில்லை. கும்பலில் ஒயர் யார் பொத்தானிலும் மாட்டாது. ஆனால் அந்தக் குட்டி பேட்டரிக்கு இரண்டு மூன்று வருஷத்தில் மூச்சு வாங்க ஆரம்பிக்கும், மாற்றுவது கஷ்டம். கூட்டத்தில் ஒரு பக்கம் விழுந்தால் தண்டவாளத்துக்குத்தான் பாட்டு. ஒயர் ரகத்தில் முதலில் சாவது பிளக்கை ஒட்டிய பகுதி. பிளேயரைச் சுற்றி இறுக்கிக் கட்டுவதுதான் காரணம். கழற்றி மாட்டும் ஒயர் உள்ளதாக வாங்கினால் ஒயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஆயிரக்கணக்கில் விற்கும் 'ஸ்பெஷல்' ஒயர் எதற்கும் வேண்டாம். ஒரு சின்ன ஜிப் வைத்த டப்பா போதும்.

ஒரு எழுத்து ஜாஸ்தி

நானும் ஏமாந்தேன், மறைக்கவில்லை. பிரபல கம்பெனிப் பெயரில் ஒன்றை, ''கஸ்டம்ஸ் சரக்கு ஸார், உங்களுக்காக 400'' என்று ஒரு தம்பி கொடுத்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் கம்பெனிப் பெயரில் ஒரு எழுத்து உபரி! ரயிலில் மாட்டினால் பேஸ் மட்டும் உறுமுகிறது, பாடகரைக் காணவில்லை. திரும்பப் போனேன். அந்தத் தம்பியையும் காணவில்லை.

அதற்கப்புறம் பில் கொடுக்கும் கடைக்குப் போனேன். அங்கே ஒரு பாடம் கற்றேன். சேல்ஸ்மேன் இரண்டு ஹெட்போனை மாற்றி மாற்றி மாட்டி, ''இது எப்படி இருக்கு ஸார்?'' என்பார். சத்தம் கூடுதலாக உள்ளது எதுவோ அதுதான் ஒஸ்தி என்று காது சொல்லும். எல்லாக் காதும் அப்படித்தான். இரண்டையும் ஒரே வால்யூமுக்குக் கொண்டுவந்து கேட்டால் தீர்ப்பு பல சமயம் மாறிவிடும். அவர் வைத்திருக்கும் 'டமால் டுமீல்' பாட்டில் கேட்காதீர்கள். உங்களுக்கு மனப்பாடமான பாட்டைக் கொண்டு போங்கள். எந்த வயலின் எங்கே நுழையும் என்று தெரிந்தால்தான், நுழைந்ததா என்று சொல்ல முடியும்.

கடைக்குப் போகுமுன் ஒரு நிமிஷம்!

● ரயில், பஸ் என்றால் காதை அடைக்கும் ரகம். மூன்று ஜோடி ரப்பரையும் போட்டுப் பாருங்கள்.

● 16 முதல் 32 ஓம். கழற்றும் ஒயர். பில்லும் வாரண்டியும்.

● வால்யூம் 60 சதவீதத்துக்குள், ஒரு மணி நேரத்துக்கு ஒருதடவை காதுக்கு ஓய்வு. பல போன்களில் வால்யூமுக்கு வரம்பு போடும் வசதி இருக்கிறது, போட்டு வையுங்கள்.

● பக்கத்தில் நிற்பவர் சாதாரணமாகப் பேசுவது துளிகூடக் கேட்கவில்லை என்றால், காது நன்றாக அடைத்திருக்கிறதா, வால்யூம் ஜாஸ்தியா என்று நிறுத்திப் பாருங்கள்.

● ரோட்டிலும், முக்கியமாகத் தண்டவாளத்தின் பக்கத்திலும், கழற்றிப் பையில் போடுங்கள். காதை நன்றாக அடைக்கும் ஹெட்போன் ரயில் ஹார்னையும் நன்றாகவே அடைக்கும்.

● கேட்டு முடித்தபின் காதில் 'கொய்ங்' என்றால் அது எச்சரிக்கை. மறுநாளும் இருந்தால் டாக்டர்.

ஜால்ராக்காரர் லீவு

கடைசியில் நான் வாங்கியது 1,400 ரூபாயில் ஒரு இன்-இயர், 350-க்கு ஃபோம் முனை, 90-க்கு டப்பா. வால்யூம் இப்போது பாதிக்கும் கீழே. அந்தப் பாதியிலேயே, இத்தனை வருஷம் கேட்ட பாட்டில் இதுவரை கேட்காத ஒரு புல்லாங்குழல் கேட்கிறது. விசில் ரொம்பவும் குறைந்துவிட்டது. முழுசாகப் போகவில்லை. ஊர் அடங்கின ராத்திரிகளில் தூரத்துக் குக்கர் ஒன்று லேசாக அடிக்கும். அந்த 4,000 ஹெர்ட்ஸ் பள்ளம் இனிமேல் தூராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆழமாகாமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா ஹாலில் உட்கார்ந்திருந்தார். ''என்னமோ 1,400 ரூவாங்கிறியே, குடு பாப்போம்'' என்றார். ரப்பர் மாற்றி அவர் காதில் வைத்து, அவருக்குப் பிடித்த பஜனைப் பாட்டு ஒன்றைப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. பாட்டு முடிந்ததும் கழற்றினார்.

''நல்லாத்தான் இருக்கு. மிருதங்கம் நெஞ்சுல வந்து அடிக்குது. ஆமா, ஜால்ரா போடுறவன் அன்னிக்கு லீவா?''

வாங்கி என் காதில் வைத்துப் பார்த்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஜால்ரா கணீர் கணீரென்று அடித்துக்கொண்டுதான் இருந்தது.

''ஆமாப்பா, லீவுதான்'' என்றேன். அப்படியே வால்யூமை இன்னும் ஒரு புள்ளி இறக்கினேன்.